ஈறில் ரத்தம்: வாய்க் கிருமிகளும் நாட்பட்ட ஈறு நோயும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் மருத்துவத்தில் என் பிரிவு ஈறு. பல்லைத் தாங்கி நிற்கும் சதை, எலும்பு, இரண்டையும் பிணைக்கும் நார் இவற்றோடுதான் என் நாள் முழுக்கக் கழிகிறது. சிகிச்சைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு, நாற்காலியில் நேரம் போதாமல் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே முழுசாக எழுதியிருக்கிறேன். சில சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்மேல் மெத்தென்று படியும் வெளிர்மஞ்சள் படிவம் ஊத்தை. அது கல்லாக இறுகிவிட்டால் காரை. ஈறு என்பதை இலங்கைத் தமிழர்கள் முரசு என்பார்கள், நம் ஊர்களில் சிலர் எகிறு என்பார்கள். மூன்றும் ஒன்றுதான்.

பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது, ஆனால் வலி இல்லை. இதையும் நோய் என்று சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். தலை வாரும்போது தினமும் சீப்பில் ரத்தம் ஒட்டினால் பேசாமல் இருப்போமா? ஈறில் வந்தால் மட்டும் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம்.

நல்ல ஈறு சாதாரணமாகத் தேய்த்தால் ரத்தம் விடாது. பல்லும் ஈறும் சேரும் இடுக்கில் கிருமிகள் தங்கிவிட்டால், அவற்றை எதிர்க்க உடல் அங்கே ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. நுண்ணிய குழாய்கள் விரிகின்றன, அவற்றை மூடியிருக்கும் உள்தோல் மெலிந்து புண்ணாகிறது. பிரஷ் பட்டதும் கசிவது அதனால்தான். வலிக்காததுதான் இந்த நோயில் ஏமாற்றும் விஷயம். சொத்தைப் பல் இரவெல்லாம் தூங்கவிடாமல் ஆளைக் கிளப்பிக் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஈறு நோய் பத்து இருபது வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, பல் ஆடத் தொடங்கிய பிறகே தன்னைக் காட்டும்.

இன்னொன்று. ரத்தம் வருகிற இடத்தில் பிரஷ் படாமல் விலக்கித் தேய்க்கிறவர்கள் மிக அதிகம். ‘புண்ணா இருக்கே, ஆறட்டும்’ என்று விடுகிறார்கள். அங்கே ஊத்தை இன்னும் தடிக்கிறது, ரத்தம் இன்னும் கூடுகிறது. ரத்தம் வரும் இடத்தைத்தான் மெதுவாக, ஆனால் தவறாமல் தேய்க்க வேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் ரத்தம் நிற்கத் தொடங்கினால் மேலோட்டமான அழற்சியாக இருக்கலாம். அதற்கு மேலும் வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது.

ஈறு அழற்சி, பயோரியா, பெரியோடான்டைட்டிஸ் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்களே?

ஈறின் மேல் சதை மட்டும் சிவந்து வீங்கி ரத்தம் கசிவது ஈறு அழற்சி. சீட்டில் ஜிஞ்சிவைட்டிஸ் என்று எழுதியிருப்போம். எலும்பு இன்னும் கரையவில்லை, முழுசாகத் திரும்பிவிடும். அழற்சி உள்ளே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் நாரும் எலும்பும் கரையத் தொடங்கிவிட்டால் அது பெரியோடான்டைட்டிஸ். பழைய தலைமுறை இதைத்தான் பயோரியா என்றது. கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பாது, கரைவதை நிறுத்தலாம். ஆற்றங்கரையில் நிற்கும் தென்னையை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் ஒரு குறையும் இருக்காது, வேரடி மண்தான் அரித்துப் போயிருக்கும். பிடுங்க வேண்டி வரும் எத்தனையோ பற்களில் சொத்தை ஒரு பொட்டுக்கூட இருப்பதில்லை.

அபூர்வ நோயும் இல்லை இது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி, தீவிர ஈறு நோய் உள்ளவர்கள் உலகத்தில் 100 கோடிக்கு மேல்.

உண்மையிலேயே கிருமிதான் காரணம் என்று எப்படித் தெரியும்?

பல் இடுக்கில் உயிர்கள் இருப்பது தெரிந்து மூன்று நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. 1683இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆண்டனி வான் லீவன்ஹூக், தன் பல்லிடுக்கு ஊத்தையைச் சுரண்டித் தானே செய்த கண்ணாடி வில்லையில் வைத்துப் பார்த்தார். துள்ளியும் சுழன்றும் நீந்தும் சிற்றுயிர்களைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். தன் நாட்டு மக்கள் எல்லாரையும் கூட்டினாலும் தன் வாய்க்குள் இருக்கும் உயிர்களின் எண்ணிக்கைக்கு ஈடாகாது என்று அதில் வியந்திருக்கிறார்.

ஆனால் இருப்பது வேறு, நோய் உண்டாக்குவது வேறு. அதை நிரூபித்தது 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ குழு செய்த சோதனை. ஈறு நன்றாக இருந்த 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் தேய்ப்பதை அடியோடு நிறுத்தினார்கள். 10 நாள் முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் எல்லாருக்கும் சரியானது. அந்த நாட்களில் ஊத்தைக்குள் குடியிருந்தவையும் மாறின. முதலில் உருண்டைக் கிருமிகள், பிறகு நீளமான இழைக் கிருமிகள், கடைசியில் வளைந்தும் திருகியும் நீந்துபவை. என்னைப் பொறுத்தவரை பல் மருத்துவத்தில் இதைவிட எளிய, இதைவிடத் தெளிவான சோதனை குறைவு. வேறு எதையும் மாற்றவில்லை, பிரஷை மட்டும் எடுத்து வைத்தார்கள்.

எந்தக் கிருமி? பெயர் என்ன?

மனித வாயில் காணப்படும் இனங்கள் 700க்கும் மேல். எல்லாம் ஒரே வாயில் இருப்பதில்லை, பெரும்பாலானவை தொந்தரவும் இல்லாதவை. சில நமக்கு உதவுகின்றன. காலியிடம் விடாமல் உட்கார்ந்துகொண்டு கெட்டவற்றுக்கு இடம் கொடுக்காமல் இருப்பதே பெரிய உதவி.

1998இல் பாஸ்டனின் ஃபோர்சைத் ஆய்வு நிறுவனத்தில் சிக்மண்ட் சோக்ரான்ஸ்கியும் ஆன் ஹஃபாஜியும் 185 பேரிடமிருந்து 13,000க்கு மேல் ஊத்தை மாதிரிகள் எடுத்து, எந்தக் கிருமி எந்தக் கிருமியோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்து, நிறம் நிறமாகக் கூட்டம் பிரித்தார்கள். ஆழமான, ரத்தம் கசியும் இடுக்குகளில் சேர்ந்தே காணப்பட்ட மூன்றுக்குச் சிவப்புக் கூட்டம் என்று பெயர்: போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டானெரெல்லா ஃபார்சைதியா, ட்ரெபோனிமா டென்டிகோலா. இவை நேரே வந்து பல்லில் ஒட்டிக்கொள்வதில்லை. முதலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் வந்து இடம் பிடிக்கும். அவற்றின் மேல் ஃபியூசோபாக்டீரியம் என்ற நீளமான கிருமி ஒட்டி, பின்னால் வருபவற்றுக்குக் கைகொடுக்கும். மூச்சுக்காற்று ஆகாத சிவப்புக் கூட்டம், ஊத்தை தடித்து அடியில் காற்றுப் புகாமல் ஆன பிறகுதான் வசதியாகக் குடியேறும். எனவே தினம் கலைக்கப்படும் ஊத்தையில் அவை ஊன்றுவது கடினம்.

இந்த மூன்றில் அதிகம் ஆராயப்பட்டது போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். இதற்குச் சர்க்கரை வேண்டியதில்லை, புரதத்தைத் தின்று வாழ்கிறது. இரும்புச்சத்தை நம் ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆய்வகத்தில் ரத்தம் கலந்த தட்டில் வளர்த்தால் அதன் புள்ளிகள் கருப்பாகத் தெரிவது அதனால்தான். ஜிஞ்சிபெயின் என்ற கத்திரி போன்ற நொதியால் ஈறின் புரதங்களை வெட்டுகிறது. இங்கேதான் இந்த நோயின் முடிச்சு. ஈறு வீங்கினால் ரத்தமும் புரதநீரும் கசியும். கசிவதுதான் இதற்குச் சாப்பாடு. நம் உடல் எதிர்க்க எதிர்க்க எதிரிக்குப் படியளக்கிறது. மற்றக் கிருமிகள் ஒழியட்டும் என்று உடல் மூட்டும் அழற்சியில் இது செழிக்கிறது.

2011இல் எலிகளில் செய்த ஆய்வு ஒன்று எங்கள் துறையையே யோசிக்க வைத்தது. இந்தக் கிருமி மொத்தக் கூட்டத்தில் 0.01 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தபோதே எலும்பு கரைந்தது. ஆனால் வேறு எந்தக் கிருமியும் இல்லாமல் வளர்த்த எலிகளில் இதை மட்டும் விட்டபோது எலும்பு கரையவில்லை. அதாவது இது தனியாக நின்று அழிக்கும் கிருமி இல்லை. உடலின் காவலைக் குழப்பிவிட்டு, சாதுவாக இருந்த மற்றக் கூட்டத்தையும் சேர்த்துக் கெடுக்கிறது. ‘எந்தக் கிருமி, அதைக் கொல்ல ஒரு மாத்திரை கொடுங்கள்’ என்று கேட்பவர்களிடம் நான் தயங்குவதற்கு இதுவே காரணம். கெட்டுப்போனது ஒரு ஆள் இல்லை, ஊரே.

அப்படியானால் எலும்பை அரிப்பது கிருமியா, நம் உடலா?

பெருமளவு நம் உடல். கிருமிக் கூட்டம் பல்லோடு ஒட்டி நிற்கிறது, எலும்பு வரை அது போவதே அரிது. எதிர்க்க வரும் வெள்ளணுக்கள் சதையின் நாரைக் கரைக்கும் நொதிகளைக் கொட்டுகின்றன. அழற்சி நீடித்தால், எலும்பைக் கரைக்கும் நம் சொந்த அணுக்களுக்கே உத்தரவு போய்விடுகிறது. ஆபத்தான இடத்திலிருந்து உடல் பின்வாங்குவது போல எலும்பு கீழே இறங்கிக்கொள்கிறது. கிருமிக்கும் எலும்புக்கும் நடுவே இடைவெளி காக்க உடல் எடுக்கும் முயற்சி அது. விலை, பல்லின் பிடிமானம்.

இதனால்தான் ஒரே அளவு ஊத்தை உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு நாற்பதில் பல் விழுகிறது, இன்னொருவர் எழுபதில் கரும்பு கடிக்கிறார்.

அது நிஜமா? என் தாத்தா பிரஷையே தொட்டதில்லை, கடைசிவரை பல் இருந்ததே?

நிஜம்தான். அதற்கான மிகத் தெளிவான சாட்சி நம் மக்களின் வாயிலிருந்தே வந்தது.

ஆர்ஹஸ் சோதனை செய்த அதே ஹரால்ட் லோவும் கூட்டாளிகளும் 1970இல் இலங்கை மலையகத்துக்கு வந்தார்கள். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்கள், 14 முதல் 31 வயது, தென்னிந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள். பிரஷ் கொண்டு துலக்கும் பழக்கமும் பல் மருத்துவரிடம் போன அனுபவமும் இல்லாதவர்கள். சிகிச்சையே இல்லாவிட்டால் ஈறு நோய் எப்படிப் போகும் என்று பார்ப்பதுதான் நோக்கம். அதே ஆட்களை 1985 வரை பல முறை பரிசோதித்தார்கள்.

எல்லார் பல்லிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஊத்தை, காரை, கறை. எல்லார் ஈறிலும் அழற்சி. சொத்தை கிட்டத்தட்ட இல்லை. ஆனால் முடிவு மூன்று விதம். சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் போனது, 81 சதவீதம் பேருக்கு மிதமாக, 11 சதவீதம் பேருக்கு ஈறு அழற்சியோடு நின்றுவிட்டது. 35 வயதில் வேகமாகப் போனவர்கள் இழந்திருந்த பிடிமானம் சராசரியாக 9 மில்லிமீட்டர். மிதமானவர்களுக்கு 4. மூன்றாவது கூட்டத்துக்கு 1 மில்லிமீட்டர்கூட இல்லை. 45 வயதில் முதல் கூட்டத்துக்கு 13 மில்லிமீட்டர். மேல் முன்பல் ஒன்றின் வேர் மொத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

உங்கள் தாத்தா அந்த 11 சதவீதத்தில் ஒருவராக இருந்திருக்கலாம். நீங்களும் அதில் இருப்பீர்கள் என்று எதை வைத்து நம்புவது?

இந்த ஆய்வை உலகத்தின் எல்லாப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் படிக்கிறார்கள். நானும் படித்தேன், தேர்வில் எழுதினேன். அந்த ஆட்கள் கொழுந்துக் கூடைகளுக்கு நடுவே வாழ்ந்த நம் சனங்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் மனசில் உறைத்தது. 2010இல் மறுபடி தேடிப் போனபோது பரிசோதிக்கக் கிடைத்தவர்கள் 75 பேர். ஈறு நோய் பற்றி இன்று நாம் நம்பிச் சொல்லும் பலவற்றுக்கும் அந்த வாய்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். அவர்களுக்கு ஒரு பிரஷும் முறையான சிகிச்சையும் கிடைத்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

நோய் இருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறீர்கள்? எக்ஸ்ரே மட்டும் போதாதா?

எக்ஸ்ரே எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும். இன்று நோய் எரிந்துகொண்டிருக்கிறதா என்று காட்டாது. அதற்கு ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது, நுனி மழுங்கலாக, மில்லிமீட்டர் கோடுகளோடு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அதை மெதுவாக இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடம் அளப்போம். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதுவார்: ‘ரெண்டு, மூணு, ரெண்டு… மூணு, அஞ்சு, ஏழு.’ மூன்று வரை இயல்பு. நான்கும் அதற்கு மேலும் பை, அதாவது பிடிமானம் விட்டு உண்டான பள்ளம். ஏழு என்று சொல்லும்போது நாற்காலியில் இருப்பவரின் கை விறைப்பதை நான் கவனித்திருக்கிறேன். கம்பியை எடுத்ததும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு மணி முளைக்கும்.

ஒருமுறை பேருந்து நடத்துநர் ஒருவருக்கு, நாற்பது வயதைத் தாண்டியவர், கடைவாய்ப்பல் பையின் அடியிலிருந்து துளி ஊத்தை எடுத்து உப்பு நீரில் கலந்து நுண்ணோக்கியில் வைத்துத் திரையில் காட்டினேன். நூலைத் திருகிவிட்டது போன்ற உயிர்கள் நெளிந்து நெளிந்து திரையைக் கடந்துகொண்டே இருந்தன. நிற்காமல். ‘இது என் வாய்க்குள்ளயா இருக்கு?’ என்றார். பிறகு அவருடைய மேல் முன்பல்லிலிருந்து, அளவு இரண்டே வந்த இடத்திலிருந்து எடுத்து வைத்தேன். அசையாத புள்ளிகள் மட்டும். இரண்டும் அவர் வாய்தான், நடுவே நாலு விரல் தூரம். அதற்குப் பிறகு அவருக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மவுத்வாஷ் போட்டால் கிருமி செத்துவிடாதா?

குளத்துப் படிக்கட்டில் பாசி பிடித்திருக்கிறது. ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் போகுமா? தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால்தான் போகும். ஊத்தையும் அப்படித்தான். கிருமிகள் பிசின் போன்ற ஒன்றைச் சுரந்து அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாழ்கின்றன. பயோஃபிலிம் என்பது இதுதான். மருந்து மேல் அடுக்கைத் தொடும், அடியைத் தொடாது. ஆழமான பைக்குள் கொப்பளிக்கும் நீர் போவதே இல்லை.

மவுத்வாஷில் குளோர்ஹெக்ஸிடின் நல்ல மருந்து. அறுவை சிகிச்சைக்குப் பின்னும் பிரஷ் படுத்த முடியாத நாட்களிலும் இரண்டு வாரம்போல் நானே எழுதித் தருகிறேன். மாதக் கணக்கில் போட்டால் பல் பழுப்பேறும், நாக்கு ருசி மாறும். பேஸ்ட் போட்டுத் தேய்த்த உடனே இதைக் கொப்பளித்தால் வேலை குறையும், அரை மணி நேரம் விடுங்கள்.

வெதுவெதுப்பான உப்பு நீர் இதமாக இருக்கும். நோயை ஆற்றாது.

ஆன்டிபயாட்டிக்?

வீக்கம் வரும்போதெல்லாம் மருந்துக் கடையில் அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் கேட்டு வாங்கி மூன்று நாள் போட்டுக்கொண்டு, வீக்கம் வடிந்ததும் விட்டுவிடுகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். வீக்கம் வடிவதால் குணமானதாக நினைக்கிறார்கள். காரையும் அதன்மேல் ஒட்டிய கூட்டமும் அங்கேயே இருக்கின்றன, எலும்பு போய்க்கொண்டே இருக்கிறது. ஐந்தாவது தடவை வரும்போது பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழி இருப்பதில்லை. இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது, ஏனென்றால் முதல் வீக்கத்தில் வந்திருந்தால் அந்தப் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம்.

பிசினுக்குள் இருக்கும் கிருமியைக் கொல்ல, தனியாக நீந்தும் கிருமிக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு மருந்து வேண்டும். அதனால் முதலில் கூட்டத்தைக் கலைக்க வேண்டும். இளம் வயதில் வேகமாகப் பரவும் நோய், காய்ச்சலோடு வரும் சீழ்க்கட்டி போன்றவற்றில் சுத்தம் செய்வதோடு சேர்த்து மருந்து கொடுப்போம், தனியாக இல்லை. மெட்ரோனிடசோல் போடும் நாட்களில் மது கூடாது.

பல் கிளீன் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்கிறார்களே?

நான் தினமும் பதில் சொல்லும் கேள்வி.

எச்சிலில் கால்சியமும் பாஸ்பேட்டும் உண்டு. கலைக்காமல் விட்ட ஊத்தையில் அவை படிந்து சில நாட்களிலேயே கல்லாகத் தொடங்கும். கீழ் முன்பற்களின் உள்பக்கத்தில் காரை அதிகமாக இருப்பதற்குக் காரணம், நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பியின் வாய் அங்கே திறப்பது. நாக்கால் தடவினால் சொரசொரவென்று இருக்கும்.

வருடக் கணக்கில் சேர்ந்த காரை, எலும்பு கரைந்து காலியான இடத்தையும் பல்லிடுக்கையும் அடைத்துக்கொண்டு, ஆடுகிற பற்களை ஒன்றோடொன்று சிமென்ட் பூசியது போலப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்தால், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல் ஆடுவது தெரியும். ஏற்கெனவே இருந்த இடைவெளி தெரியும். வீங்கியிருந்த ஈறு வற்றுவதால் பல் நீண்டது போலவும் இருக்கும், சில வாரம் குளிர்ந்த தண்ணீர் கூசும். இவற்றை முன்கூட்டியே சொல்லாமல் காரையை எடுத்துவிட்டு அனுப்பியதால் வந்த கெட்ட பெயர் இது. குற்றம் எங்கள் பக்கமும் உண்டு. சுத்தம் செய்யும் கருவி எனாமலைச் சுரண்டாது, அது அதிர்ந்து காரையை உதிர்க்கிறது. பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் ஈறு இறுகும், லேசாக ஆடிய பல் பிடித்துக்கொள்வதும் உண்டு.

பை ஆழமாக இருந்தால் மேலே எடுத்தால் போதாது. மரத்துப்போக ஊசி போட்டு வேர்ப்பரப்பு வரை சுத்தம் செய்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பார்ப்போம். அப்போதும் ஆழம் குறையாத இடங்களுக்குத்தான் ஈறைத் திறந்து செய்யும் அறுவை.

சர்க்கரை நோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இரு பக்கமும் வெட்டும் தொடர்பு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு, ஆறுவதும் தாமதம். மறுபக்கம், தீவிர ஈறு நோய் உள்ளவர் வாயில் கிருமியை ஒட்டியிருக்கும் ஈறுப் பரப்பு மொத்தம் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை இருக்கும். அவ்வளவு பெரிய புண் காலில் இருந்தால் சர்க்கரை ஏறாதா? வாயில் இருந்தாலும் ஏறும். ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தவர்களுக்கு எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) மூன்று நான்கு மாதத்தில் சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி போலக் குறைந்ததாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு சொல்கிறது. மாத்திரையையும் நடையையும் விட்டுவிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் மாத்திரை கூட்டியும் சர்க்கரை இறங்காதவர்கள் வாயை ஒருமுறை காட்டிக்கொள்ள வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்வேன்.

மாரடைப்பு, மறதி நோய் எல்லாம் ஈறிலிருந்து வருகிறது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

ஈறு நோய் உள்ளவர்களிடம் இதய நோய் சற்று அதிகம் காணப்படுவது உண்மை. ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்பது நிரூபணமாகவில்லை. அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் இதையே சொன்னது. மறதி நோயாளிகளின் மூளையில் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸின் தடயம் இருப்பதாக 2019இல் ஓர் ஆய்வு வந்து பரபரப்பானது. அந்தக் கிருமியின் நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவு, எதிர்பார்த்த முக்கியப் பலன் இல்லை. பயந்துகொண்டு ஓடி வர வேண்டாம், பல்லுக்காக வந்தாலே போதும்.

ஒரு விதிவிலக்கு. செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள், முன்பு இதய உள்ளுறையில் கிருமித்தொற்று வந்தவர்கள், சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பாதித்தவர்கள் எல்லாரும் நாற்காலியில் உட்காரும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். காரை எடுக்கும்போது வாய்க் கிருமிகள் சிறிது நேரம் ரத்தத்தில் கலக்கும். அவர்களில் சிலருக்கு முன்கூட்டியே மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுமா?

கிருமி போகும். தாயிடமிருந்து குழந்தைக்கும், கணவன் மனைவிக்குள்ளும் எச்சில் வழியாகப் போவதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் போன கிருமி தங்கி நோயாவதற்கு ஊத்தையும் உடல்வாகும் ஒத்துழைக்க வேண்டும். ஒரே வீட்டில் இருவருக்கு இருந்தால் இருவரும் சேர்ந்து சிகிச்சை எடுப்பது நல்லது.

சின்ன வயதில் வருமா?

குறைவு, ஆனால் வரும். பதின்வயதில், முதல் கடைவாய்ப்பல்லும் முன்பல்லும் மட்டும் ஆடினால் அசட்டையாக இருக்காதீர்கள். இந்த வகையில் அக்ரிகேட்டிபாக்டர் என்ற கிருமிக்குப் பங்கு உண்டு. மொராக்கோவில் பள்ளிப் பிள்ளைகளை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2008இல் வெளியானது. அக்ரிகேட்டிபாக்டரில் ஜேபி2 என்ற ஒரு குறிப்பிட்ட வகையைச் சுமந்த பிள்ளைகளுக்கு நோய் வரும் வாய்ப்பு 18 மடங்கு. ஊத்தை அதிகம் இல்லாமலே எலும்பு போகும் என்பதால் பெற்றோர் கண்ணுக்குத் தப்பிவிடும். அப்பா அம்மாவுக்கு முப்பதுகளில் பல் விழுந்திருந்தால் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.

புகை, வெற்றிலை பாக்கு, ஹான்ஸ் போன்ற வாயில் ஒதுக்கும் புகையிலை?

புகைப்பவர் ஈறில் ரத்தம் குறைவாக வரும். நல்ல செய்தி இல்லை அது. ரத்தக் குழாய் சுருங்கி, எச்சரிக்கை மணியே அடைபட்டுவிட்டது. உள்ளே எலும்பு மற்றவர்களைவிட வேகமாகப் போகும், சிகிச்சைக்கும் சரியாக ஆறாது. புகையிலையை ஒதுக்கி வைக்கும் இடத்தில் ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். பாக்கு, புகையிலை சேராவிட்டாலும் புற்றுநோய் உண்டாக்குவது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் இதை உறுதி செய்துவிட்டது. ஈறுக்காக வந்தவரின் வாய், பாக்குப் பழக்கத்தால் இறுகி இரண்டு விரல் அளவுகூடத் திறக்காமல் இருப்பதைப் பார்க்கும் நாட்களில், ஈறை ஒதுக்கிவைத்துவிட்டு அதைத்தான் முதலில் பேசுகிறேன்.

வேப்பங்குச்சி, பல்பொடி போதாதா?

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொன்னவர்கள் வெறுமனே சொல்லவில்லை. நுனியை நன்றாக மென்று தூரிகை போலாக்கிப் பொறுமையாகத் தேய்த்தால் குச்சியும் ஊத்தையைக் கலைக்கும். கடைவாய்ப்பல்லின் உள்பக்கமும் பல்லிடுக்கும் குச்சிக்கு எட்டாது, ஈறு நோய் தொடங்குவதோ பெரும்பாலும் அங்கேதான். சாம்பல், கரி, செங்கல் பொடி வேண்டாம், தேய்ந்த பல் வளராது.

மென்மையான பிரஷ். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்து, அதே இடத்தில் சிறிதாக அசைத்து, பிறகு பல் நுனிப் பக்கம் இழுங்கள். இரண்டு நிமிடம், காலை ஒன்று, இரவு படுக்கும் முன் ஒன்று. இரவுத் தேய்ப்பைத் தவறவிடக் கூடாது, தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும். பல்லிடுக்கு அகலமாக இருந்தால் அதற்கென்று இருக்கும் சின்ன பிரஷ், நெருக்கமாக இருந்தால் பல்நூல். மருந்தை விட, நான் செய்யும் சிகிச்சையை விட, இதற்குத்தான் பலன் அதிகம். நான் சுத்தம் செய்த பையில் கிருமிக் கூட்டம் சில வாரங்களில் திரும்பக் கூடும். தினமும் கலைக்க உங்கள் கை ஒன்றுதான் இருக்கிறது.

வயதானால் பல் விழத்தானே செய்யும்?

இல்லை. சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் 1970களின் தொடக்கத்தில் சேர்ந்தவர்களுக்குத் துலக்கக் கற்றுக்கொடுத்து, முறைவைத்துச் சுத்தம் செய்து 30 வருடம் பார்த்தார்கள். அந்த 30 வருடத்தில் எந்த வயதுக் கூட்டத்திலும் சராசரி இழப்பு இரண்டு பல்லைத் தொடவில்லை. மலையகத்தில் அளந்துகொண்டிருந்த அதே காலம் இது.

கர்ப்பமாக இருக்கிறேன், ஈறு வீங்கியிருக்கிறது. சிகிச்சை எடுக்கலாமா?

எடுக்கலாம். ஹார்மோன் மாற்றத்தால் கொஞ்சம் ஊத்தைக்கே ஈறு அதிகமாக வீங்கும். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை உட்காரவும் சௌகரியம். வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்காதீர்கள்; தண்ணீரால் கொப்பளித்து அரை மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம்.

முதல்முறை வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

கடைசியாக எடுத்த சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டு, பழைய பல் எக்ஸ்ரே இருந்தால் அது, தினம் போடும் எல்லா மாத்திரைகளின் அட்டையும். மாத்திரைப் பெயர் தெரியாமல் ‘பிபிக்கு ஒரு சின்ன மாத்திரை’ என்று சொன்னால் எனக்குப் போதாது. ஆம்லோடிபின், வலிப்புக்குப் போடும் ஃபெனிடோயின், சிறுநீரகம் மாற்றியவர்கள் போடும் சைக்ளோஸ்போரின் இவை மூன்றும் சிலருக்கு ஈறைத் தடிக்கவைத்துப் பல்லையே பாதி மூடிவிடும். அட்டையைப் பார்த்துவிட்டு நானே உங்கள் மருத்துவரிடம் பேசுகிறேன், மாற்று இருந்தால் அவர் மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள்.